அல்டிமேட் ஃபைட்டரை எதைக் கொண்டு அளப்பது?

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏ சண்டை விளையாட்டின் ரசிகர்கள் நான்கு பேர் கூடினால், அந்த விளையாட்டை நடத்தும் யூஎஃப்சி நிறுவனத்தின் ‘தி அல்டிமேட் ஃபைட்டர்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பற்றிய வாதம் ஒன்று எப்படியும் கிளம்பிவிடும். எந்த சீசன் சிறந்தது, எந்தப் பயிற்சியாளர் தன் அணியிலிருந்த நல்ல வீரரைச் சரியாகப் பயன்படுத்தத் தவறினார், எந்தச் சண்டையில் நடுவர்கள் தவறான தீர்ப்புக் கொடுத்தார்கள் என்று தொடங்கும் பேச்சு, கடைசியில் ஒரு கணக்கில் வந்து நிற்கும்: இந்த நிகழ்ச்சியிலிருந்து எத்தனை பேர் யூஎஃப்சி சாம்பியன் ஆனார்கள்? ஆதரிப்பவர்கள் ஃபாரெஸ்ட் கிரிஃபின், ரஷாத் எவன்ஸ், மாட் செர்ரா, மைக்கேல் பிஸ்பிங், ராபர்ட் விட்டேக்கர், கமாரு உஸ்மான், ஜூலியானா பேன்யா என்று பெயர்களை அடுக்குவார்கள். எதிர்ப்பவர்கள், வெற்றிக் கோப்பையை வாங்கிய சில ஆண்டுகளிலேயே மறக்கப்பட்டவர்களின் பட்டியலை, அதைவிட நீளமாக எடுத்து வைப்பார்கள்.

இந்த அளவுகோலே பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். சாம்பியனைத் தேடிப் பிடிக்கும் வழியாகப் பார்த்தால் இந்த நிகழ்ச்சி சுமாரானதுதான். ஆனால், ஒரு வீரர் சண்டை நடக்கும் கூண்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே அவர் யார், எதற்கு அஞ்சுகிறார், எதை இழந்துவிட்டு இங்கே வந்திருக்கிறார் என்பதை நமக்குத் தெரிய வைக்கும் வழியாகப் பார்த்தால், விளையாட்டுத் தொலைக்காட்சியில் இதற்கு இணையாக வேறொன்றை நான் கண்டதில்லை.

பார்த்திராதவர்களுக்காக அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான சீசனில் 16 வீரர்கள், இரண்டு அணிகள், இரண்டு பயிற்சியாளர்கள். அந்தப் பயிற்சியாளர்களே யூஎஃப்சியின் முன்னணி வீரர்கள். சீசன் முடிந்ததும் அவர்கள் இருவரும் மோதிக்கொள்வது மரபு. வீரர்கள் லாஸ் வேகாஸ் நகரில் ஒரு வீட்டில் ஏறத்தாழ ஆறு வாரங்கள் அடைபட்டுக் கிடப்பார்கள். தொலைபேசி கிடையாது, தொலைக்காட்சி கிடையாது, இணையம் கிடையாது, படிக்கப் புத்தகமும் கிடையாது. காலையும் மாலையும் பயிற்சிக்குப் போவது, திரும்பி வந்து நாளை தன்னோடு மோதக்கூடிய ஆளுக்குப் பக்கத்துப் படுக்கையில் தூங்குவது, இவ்வளவுதான் வாழ்க்கை. பிக் பாஸ் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த வீட்டின் புழுக்கம் புதிதாக இருக்காது. ஆனால் பார்வையாளர்களின் வாக்குக்கு இங்கே வேலை இல்லை. யார் முன்னேறுவது என்பதைக் கூண்டுக்குள் நடக்கும் சண்டைதான் தீர்மானிக்கும். பிந்தைய சீசன்களில் தோற்றவரும் வீட்டிலேயே தங்கியாக வேண்டும் என்பதால், தன்னை வீழ்த்தியவர் முட்டை பொரித்துக்கொண்டிருக்கும் அதே சமையலறைக்கு மறுநாள் காலை அவரும் போய் நிற்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்குள் நடக்கும் சண்டைகளைப் பற்றி ஒரு செய்தியைப் புதிய ரசிகர்கள் பலர் அறிந்திருப்பதில்லை. படப்பிடிப்பு முடிந்து பல வாரங்கள் கழித்தே அவை ஒளிபரப்பாகும் என்பதால் முடிவுகளை மறைத்து வைத்தாக வேண்டும். அதனால் அவை காட்சிப் போட்டிகளாகவே கருதப்படுகின்றன. வெற்றியும் தோல்வியும் வீரரின் அதிகாரபூர்வக் கணக்கில் ஏறுவதில்லை. ஐந்தாவது சீசனின் அரையிறுதியில் நேட் டியாஸ், கிரே மேனார்டின் கழுத்தைக் கில்லட்டின் பிடியில் இறுக்கி வென்றார். 2010 ஜனவரியில் இருவரும் மீண்டும் மோதியபோது மேனார்ட் புள்ளிகளில் வென்றார். 2013 நவம்பரில் டியாஸ் முதல் சுற்றிலேயே அவரை வீழ்த்தினார். ஏட்டைப் புரட்டுகிறவர் இருவரும் ஆளுக்கொரு முறை வென்றதாகத்தான் சொல்வார். நிகழ்ச்சியைப் பார்த்தவர் மூன்று சண்டைகளையும் ஒரே கதையாக அறிவார். ரசிகர்களுக்கும் புள்ளிவிவரங்களுக்கும் இடையே இப்படி ஓர் இடைவெளியை உண்டாக்கிய நிகழ்ச்சியைச் சாம்பியன் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது எப்படிப் பொருந்தும்?

இந்த நிகழ்ச்சி பிறந்த நிலைமையை மறந்துவிட்டுப் பேசுவதும் சரியாகாது. 1996இல் அமெரிக்க செனட்டர் ஜான் மெக்கெய்ன் இந்த விளையாட்டை மனிதச் சேவல் சண்டை என்று சாடி, மாநில ஆளுநர்களுக்கெல்லாம் தடை கோரிக் கடிதம் எழுதியிருந்தார். கேபிள் நிறுவனங்கள் ஒளிபரப்ப மறுத்தன. 2001இல் லொரென்சோ, ஃபிராங்க் ஃபெர்டிட்டா சகோதரர்கள் யூஎஃப்சியை 20 இலட்சம் டாலருக்கு வாங்கி, டேனா வைட்டின் பொறுப்பில் விட்டார்கள். விதிகள் சீரமைக்கப்பட்டன, நெவாடா மாநிலம் அனுமதி கொடுத்தது. ஆனாலும் பணம் போய்க்கொண்டே இருந்ததே தவிர வந்த பாடில்லை. கடைசி முயற்சியாகத்தான் இந்த நிகழ்ச்சி வந்தது. ஸ்பைக் தொலைக்காட்சி நேரம் கொடுத்ததே தவிரத் தயாரிப்புச் செலவை ஏற்கவில்லை. ஏறத்தாழ ஒரு கோடி டாலர் செலவை உரிமையாளர்களே கைப்பணத்திலிருந்து போட்டார்கள். 2005 ஜனவரி 17 அன்று, திங்கட்கிழமை இரவு, டபிள்யூடபிள்யூஈயின் ‘ரா’ மல்யுத்த நிகழ்ச்சி முடிந்த கையோடு முதல் பகுதி ஒளிபரப்பானது. பயிற்சியாளர்கள் ராண்டி கூட்டூரும் சக் லிடெலும்.

முதல் சீசனைப் பற்றிய பேச்சில் கிறிஸ் லெபன் வராமல் இருக்க மாட்டார். தந்தையில்லாமல் வளர்ந்த மனிதர் அவர். பாபி சவுத்வர்த் ஒரு நாள் இரவு அந்தப் புண்ணைச் சுட்டி ஒரு வசைச்சொல்லை வீசினார். மனம் உடைந்த லெபன் வெளியே புல்தரையில் போய்ப் படுத்துக்கொண்டார். தூங்கிக்கொண்டிருந்தவர்மேல் ஜாஷ் காஸ்செக்கும் சவுத்வர்த்தும் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சியடித்தார்கள். எழுந்தவர் ஆத்திரத்தில் கதவையும் சன்னலையும் கைகளால் குத்தி உடைத்தார். வீட்டுக்குள் அடித்துக்கொண்டால் வெளியேற்றப்படுவார்கள் என்பதால், லெபனும் காஸ்செக்கும் கூண்டுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும் என்று முடிவானது.

அந்தச் சண்டையைப் பற்றித்தான் ரசிகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். லெபன் குத்துச் சண்டைக்குக் காத்திருந்தார். பார்த்தவர்கள் எல்லோரும் அதற்கே காத்திருந்தார்கள். காஸ்செக்கோ அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் தேசிய அளவில் முதலிடம் பிடித்தவர். மணியடித்ததும் லெபனைத் தரையில் சாய்த்தார், எழ விடாமல் அழுத்திப் பிடித்தார், புள்ளிகளில் வென்று வெளியே வந்தார். அதைக் கோழைத்தனம் என்று சொல்லும் ரசிகர்கள் இன்றும் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. கோபம் நியாயமானதாக இருந்தாலும், மல்யுத்தக்காரரின் பிடியைத் தடுக்கத் தெரியாதவருக்கு அந்தக் கோபத்தால் எந்தப் பயனும் இல்லை என்பதை, இந்த விளையாட்டை அதுவரை தெருச்சண்டை என்று நினைத்திருந்த பார்வையாளர்களுக்கு அந்த ஒரு சண்டை விளக்கிவிட்டது. அதே சமயம், தோற்று உட்கார்ந்திருந்த லெபனின் முகத்தை நமக்குத் தெரிந்த ஒருவரின் முகமாகப் பார்க்க முடிந்தது என்றால், அதற்கு முந்தைய வாரங்களில் அவரை அந்த வீட்டில் பார்த்ததுதான் காரணம்.

2005 ஏப்ரல் 9 அன்று லாஸ் வேகாஸின் காக்ஸ் பவிலியனில் நடந்த இறுதிப் போட்டிக்கு வருகிறேன். மிடில்வெயிட் எடைப் பிரிவில் டியகோ சாஞ்சஸ், கென்னி ஃபுளோரியனை முதல் சுற்றிலேயே முடித்தார். அதன் பிறகு லைட் ஹெவிவெயிட் பிரிவில் ஃபாரெஸ்ட் கிரிஃபினும் ஸ்டீஃபன் போனரும் இறங்கினார்கள். ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்று. ஜார்ஜியாவில் காவல்துறை வேலையை விட்டுவிட்டு வந்தவர் கிரிஃபின். இருவருமே அந்த நாளில் உலகின் சிறந்த வீரர்கள் இல்லை; அவர்களைவிடத் துல்லியமாகக் குத்தக்கூடியவர்கள், வேகமாக உதைக்கக்கூடியவர்கள் அந்தப் பிரிவிலேயே பலர் இருந்தார்கள். ஆனால் 15 நிமிடமும் ஒருவரும் பின்வாங்கவில்லை. ஒருவர் அடித்தால் மற்றவர் அதைவிட ஓங்கித் திருப்பி அடித்தார். களைத்து நின்ற பிறகும் மூச்சை இழுத்துக்கொண்டு மீண்டும் நெருங்கினார்கள். கிரிஃபினின் முகத்தில் இரத்தம் வழிந்தது. அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கால்களால் தரையைத் தட்டியது. மூன்று நடுவர்களும் 29-28 என்று கிரிஃபினுக்குக் கொடுத்தார்கள். டேனா வைட் அங்கேயே, அப்போதே, வென்றவருக்கு உரிய யூஎஃப்சி ஒப்பந்தம் தோற்ற போனருக்கும் உண்டு என்று அறிவித்தார். 2013இல் அந்தச் சண்டைக்காகவே இருவரும் யூஎஃப்சியின் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்கள். போனர் 2022 டிசம்பரில், 45ஆம் வயதில் காலமானார்.

அந்த ஒரு சண்டைதான் யூஎஃப்சியைக் காப்பாற்றியது என்பது ரசிகர்களிடையே வழங்கும் கதை. அதை அப்படியே ஏற்பவர்களோடு எனக்குச் சிறிய மாறுபாடு உண்டு. ‘ரா’ முடிந்த பிறகும் தொலைக்காட்சியை அணைக்காமல் உட்கார்ந்திருந்த பார்வையாளர் கூட்டம் வாரந்தோறும் முன்பே சேர்ந்திருந்தது. நிகழ்ச்சி வெற்றி பெற்றுவிட்டது என்பது இறுதிப் போட்டிக்கு முன்பே தெரிந்துவிட்டது. அடுத்த சீசன்களுக்கான உடன்பாடு அந்த இரவிலேயே அரங்கத்துக்குப் பின்னாலிருந்த சந்தில் முடிவானதாக டேனா வைட் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த உடன்பாட்டை உறுதியாக்கிய பெருமை கிரிஃபினுக்கும் போனருக்கும் உரியது. ஆனால், அதே இரண்டு பேர், அதே 15 நிமிடத்தை, நிகழ்ச்சி எதுவும் இல்லாமல் ஏதோ ஒரு சிறிய ஊரின் அரங்கில் சண்டையிட்டிருந்தால், அது நல்ல சண்டை என்ற பெயரோடு முடிந்திருக்கும். பன்னிரண்டு வாரங்களாக அவர்கள் சாப்பிட்டதையும் சிரித்ததையும் சோர்ந்து விழுந்ததையும் பார்த்திருந்தவர்கள் அன்று பார்த்தார்கள். அதனால்தான் அந்தச் சண்டை அந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்தது.

வீட்டில் நடக்கும் குடி, கூச்சல், பொருள்களை உடைப்பது, உணவில் அசிங்கம் செய்வது ஆகியவைதான் நிகழ்ச்சியின் சுவை என்று சொல்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. தயாரிப்பாளர்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மதுவை மட்டும் தாராளமாக அடுக்கி வைத்தார்கள். அலுப்பும் மதுவும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஏழாவது சீசனில் ஜெசி டெய்லர் அரையிறுதியில் வென்று இறுதிக்குத் தகுதி பெற்றார். படப்பிடிப்பு முடிந்த இரவில் குடித்துவிட்டு வாகனக் கண்ணாடியை உதைத்து உடைத்தார், விடுதியில் கலாட்டா செய்தார். அதனால் இறுதிப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த சீசனை அதுவரை தொழில்முறையில் ஒரு சண்டைகூடப் போடாமல் வந்த அமிர் சடோல்லா வென்றார். பெரும்பாலான ரசிகர்கள் டெய்லரை ஒரு கேலிப் பேச்சாக்கி மறந்துவிட்டார்கள். 2017இல், முன்னாள் போட்டியாளர்களுக்கு இரண்டாம் வாய்ப்புத் தரும் 25ஆவது சீசனில் அவர் திரும்பி வந்தார். இளைஞர்களுக்கிடையே நடுவயதை நெருங்கும் மனிதராக, குடியை விட்டவராக, மனைவி மக்களுக்காக இதைச் செய்வதாகச் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு சண்டையாக வென்று, இறுதியில் டியகோ லிமாவின் கழுத்தைப் பிடித்து வெற்றியையும் பெற்றார். ஒன்பது ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதரின் வீழ்ச்சியையும் மீட்சியையும் ஒரே நிகழ்ச்சியில் பார்த்தோம். குடித்த இரவை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த நிறைவு கிடைத்திருக்காது.

இனி நான் மிகவும் மதிக்கும் கூறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அது, அடுத்த சண்டையை யார் தீர்மானிப்பது என்ற உரிமை. பெரும்பாலான சீசன்களில், ஒரு சண்டையில் வென்ற அணிக்கே அடுத்த ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போகும். கேட்பதற்குச் சிறிய விதி. ஆனால் அந்த விதிதான் ஆறு வார வாழ்க்கையின் ஒவ்வொரு நொடியையும் போட்டியாக மாற்றுகிறது. தன் அணியின் வலிமையானவரை எதிரணியின் பலவீனமானவரோடு மோதவிட்டு உரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம். அல்லது எதிரணியின் ஆபத்தான வீரரை, காய்ச்சலோடும் வீங்கிய முழங்காலோடும் இருக்கும் நாள் பார்த்துக் களத்துக்கு இழுக்கலாம். அந்த முழங்கால் வீங்கியிருப்பது எப்படித் தெரியும்? ஒரே வீட்டில் இருப்பதால் தெரியும். மாடிப்படியில் ஒருவர் இறங்கும் விதம், பிரிவின் எடை வரம்புக்குள் வருவதற்கான எடைக் குறைப்புக்கு முன் அவர் எவ்வளவு சாப்பிடுகிறார், நள்ளிரவில் யார் தூக்கமில்லாமல் நடக்கிறார் என்பதெல்லாம் எதிரணிக்குச் செய்தியாகிவிடும். நல்ல ரசிகர் கூட்டத்தில் இதைத்தான் மணிக்கணக்கில் பேசுவார்கள்: அந்தப் பயிற்சியாளர் அன்று ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தார், எதிரணியில் முதலில் எடுக்கப்பட்டவரை ஏன் கடைசிவரை விட்டுவைத்தார், ஒரே அணியைச் சேர்ந்த நண்பர்கள் இருவர் அரையிறுதியில் மோத நேர்ந்தபோது பயிற்சியாளர் யார் மூலையில் நின்றார்? சதுரங்கம் ஆடுவோரின் பேச்சுக்கு இது குறைந்ததில்லை.

இதைச் சொல்லும்போதே 20ஆவது சீசனையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது இந்த விதியைக் கைவிட்டும் சிறந்து நின்றது. 2014இல் பெண்களுக்கான ஸ்ட்ராவெயிட் பிரிவைத் தொடங்கிய யூஎஃப்சி, அந்தப் பிரிவின் முதல் சாம்பியனை இந்த நிகழ்ச்சியின் வழியாகவே தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தது. 16 பேரும் தர வரிசைப்படி அடுக்கப்பட்டதால் முதல் சுற்றின் ஜோடிகள் முன்பே முடிவாகிவிட்டன. பயிற்சியாளர்கள் ஆண்டனி பெட்டிஸும் கில்பர்ட் மெலண்டஸும். முதலிடத்தில் வைக்கப்பட்ட கார்லா எஸ்பார்சா, ஏழாவது இடத்தில் வைக்கப்பட்ட ரோஸ் நமாயூனாஸை டிசம்பர் 12 அன்று இறுதிப் போட்டியில் வென்று பட்டத்தைச் சூடினார். தோற்ற நமாயூனாஸ்தான் அந்த சீசனின் உயிர். மூன்று ஆண்டுகள் கழித்து, 2017 நவம்பரில், யாராலும் வீழ்த்த முடியாதவர் என்று கருதப்பட்ட யோவானா யென்ட்ஷேசிக்கை முதல் சுற்றிலேயே வீழ்த்தி அவர் சாம்பியன் ஆனார். பின்னர் 2022 மே மாதம் எஸ்பார்சாவே அவரிடமிருந்து அந்தப் பட்டத்தைப் பறித்தார். திறமையின் சராசரியை வைத்துப் பார்த்தால் எந்த சீசனும் இதன் பக்கத்தில் வராது என்பது என் கருத்து. இதை ஒப்புக்கொள்ளாத நண்பர்களோடு இன்னும் வாதிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

தோற்றவர் வென்றவரைத் தாண்டிப் போவது இந்த நிகழ்ச்சியில் அடிக்கடி நடப்பது. 14ஆவது சீசனின் இறுதியில் டி. ஜே. டில்லாஷா, ஜான் டாட்சனிடம் முதல் சுற்றிலேயே விழுந்தார். 2014 மே மாதம் அதே டில்லாஷா ஹெனான் பராவோவை வீழ்த்தி பாண்டம்வெயிட் சாம்பியன் ஆனார். முதல் சீசனில் தோற்ற ஃபுளோரியனும் காஸ்செக்கும் பட்டத்துக்கான சண்டைகள் வரை போனார்கள். காரணம் எளிது. ஆறு வாரங்களுக்குள் மூன்று சண்டைகள், ஒவ்வொன்றுக்கும் முன் எடைக் குறைப்பு, ஆறாத காயங்கள், அதிகபட்சம் மூன்று சுற்று. அங்கே வெல்வதற்குத் திறமையோடு சேர்ந்து விரைவாக மீளும் உடலும், அடைபட்ட இடத்தில் கலங்காத மனமும் வேண்டும். பட்டத்துக்கான ஐந்து சுற்றுச் சண்டைக்கு வேறு வகையான தயாரிப்பு வேண்டும்; அதற்கு மாதக்கணக்கில் நேரமும் கிடைக்கும்.

17ஆவது சீசன் இதற்கு நல்ல சான்று. சேல் சொன்னனின் அணியில் இருந்த யூரியா ஹால், ஆடம் செல்லாவைச் சுழன்றடித்த உதையால் அசைவில்லாமல் தரையில் கிடத்தியபோது, கூண்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கொண்டாட மறந்து உறைந்து போனார்கள். அடுத்தடுத்த சண்டைகளிலும் அவர் கைக்கு எட்டியவர்களையெல்லாம் சாய்த்தார். வீட்டில் இருந்தவர்கள் அவரிடம் மோதப் பயந்தார்கள். டேனா வைட் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். இறுதிப் போட்டி வெறும் சடங்கு என்று ரசிகர்கள் முடிவு செய்துவிட்டார்கள். அவருக்கு எதிரே வந்தவர் அதே அணியைச் சேர்ந்த, 21 வயதே ஆன கெல்வின் காஸ்டலம். அவர் பயப்படவில்லை. 2013 ஏப்ரல் 13 அன்று ஹாலை நெருங்கி, தரையில் இழுத்து, மூன்று சுற்றும் துரத்தி, மூன்று நடுவர்களில் இருவர் மட்டும் ஆதரித்த பிளவுபட்ட தீர்ப்பில் வென்றார். கவனித்துப் பார்த்திருந்தவர்களுக்கு அதற்கான அறிகுறி முன்பே கிடைத்திருந்தது. செல்லாவை வீழ்த்திய பிறகு ஹால் எவ்வளவு கலங்கிப்போனார், தன்னைப் பற்றிய ஐயம் அவரை எப்படி அரித்தது என்பதெல்லாம் திரையிலேயே இருந்தன. நாக்அவுட்களை மட்டும் வெட்டியெடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த முடிவு அதிர்ச்சி; சீசன் முழுவதையும் பார்த்தவர்களுக்கு அது நிகழக்கூடியதே.

கிம்போ ஸ்லைசைப் பற்றிப் பேசாமல் விட மனம் வரவில்லை. வீட்டுப் பின்புறங்களில் கையுறையில்லாமல் சண்டையிடும் யூட்யூப் காணொளிகளால் புகழ் பெற்றவர் அவர். 2009இல் ஹெவிவெயிட் வீரர்களுக்கான பத்தாவது சீசனுக்குள் அவரைக் கொண்டுவந்தபோது, தீவிர ரசிகர்கள் பலர் இதை விளையாட்டுக்கு இழுக்கு என்றார்கள். அவர் ராய் நெல்சனோடு மோதிய பகுதியை 50 இலட்சத்துக்கும் மேலானோர் பார்த்தார்கள். நெல்சன் தன் பெருத்த உடலால் அவரைத் தரையில் கட்டிப்போட்டு, கைகளை அசைக்க விடாமல் மென்மையாகக் குத்திக்கொண்டே இருக்க, நடுவர் இரண்டாவது சுற்றில் சண்டையை நிறுத்தினார். விளையாட்டின்படி பார்த்தால் அத்தோடு கிம்போவின் கதை முடிந்தது. ஆனால் அந்த வீட்டில் நாம் பார்த்த கிம்போ, காணொளிகளில் வந்தவரிலிருந்து மிகவும் வேறானவர். குறைவாகப் பேசினார், தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்னார், தன்னைவிட இளையவர்களிடம் மாணவரைப் போல நின்று தரைச் சண்டையைக் கற்றுக்கொள்ள முயன்றார். இழுக்கு என்று சொன்னவர்களில் பலர் சீசன் முடியும்போது அவருடைய அன்பர்கள் ஆகியிருந்தார்கள். 2016 ஜூன் மாதம் அவர் இறந்தபோது அவர்கள் வருந்தியது அந்த வீட்டில் கண்ட மனிதருக்காகவே.

15ஆவது சீசனின் மைக்கேல் கீயேசாவும் அப்படித்தான். அந்த சீசன் மட்டும் எஃப்எக்ஸ் தொலைக்காட்சியில் வாரந்தோறும் நேரலைச் சண்டைகளோடு நடந்ததால் வீரர்கள் மூன்று மாதம் அடைபட்டிருந்தார்கள். இரத்தப் புற்றுநோயால் படுத்திருந்த அவருடைய தந்தை, மகன் வீட்டுக்குள் நுழைவதற்கான முதல் சண்டையில் வென்றதைப் பார்த்துவிட்டுச் சில நாள்களில் இறந்துபோனார். கீயேசா ஊருக்குப் போய் இறுதிச் சடங்கை முடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். 2012 ஜூன் 1 அன்று ஆல் ஐயாக்வின்டாவைப் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து முதல் சுற்றிலேயே வென்றார். அந்த சீசனின் பயிற்சியாளர்கள் டாமினிக் குரூஸும் யுரைஜா ஃபேபரும் சீசன் முடிந்ததும் மோத முடியவில்லை; குரூஸின் முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது.

பயிற்சியாளர்களின் சண்டை இப்படித் தட்டிப் போவது ரசிகர்களின் பழைய மனக்குறை. 13ஆவது சீசனின் பயிற்சியாளர்கள் பிராக் லெஸ்னரும் ஜூனியர் டோஸ் சான்டோஸும் மோதவில்லை. 31ஆவது சீசனுக்குப் பிறகு கானர் மெக்ரெகரும் மைக்கேல் சாண்ட்லரும் மோதுவார்கள் என்று காத்திருந்தோம். 2024 ஜூனில் நாள் குறித்த பிறகும் மெக்ரெகரின் கால்விரல் காயத்தால் அது நின்றது. ஏமாற்றம் நியாயமானதே. ஆனாலும் பயிற்சியாளர்களின் புகழை நம்பியே ஒரு சீசனை விற்கத் தொடங்கியதுதான் அடிப்படைத் தவறு என்று நினைக்கிறேன். படக்கருவி மெக்ரெகரின் பக்கமே திரும்பி நின்றால், அவருடைய அணியில் இருக்கும் இளைஞரின் பெயர் யாருக்கு நினைவிருக்கும்?

நிகழ்ச்சியின் தேவையே முடிந்துவிட்டது என்று சொல்பவர்களின் வாதத்திலும் வலு உண்டு. 2017இல் தொடங்கிய யூஎஃப்சியின் மற்றொரு நிகழ்ச்சியான ‘கன்டெண்டர் சீரீஸ்’ ஒரே இரவில், ஒரே சண்டையில், ஒப்பந்தம் கொடுத்துவிடுகிறது. பின்னாளில் சாம்பியன் ஆன ஷான் ஓமேலி அந்த வழியாக வந்தவர்தான். 2018க்குப் பிறகு அல்டிமேட் ஃபைட்டர் நிறுத்தப்பட்டு, 2021இல்தான் ஈஎஸ்பிஎன் பிளஸ் தளத்தில் மீண்டும் வந்தது. வீரர்களைப் பொறுக்கி எடுக்கும் வேலைக்குக் கன்டெண்டர் சீரீஸ் போதும். வீரரின் உடலுக்கும் அது குறைந்த தீங்கையே செய்கிறது. ஆனால் அதில் ஒப்பந்தம் பெற்றவர்களில் எத்தனை பேரின் முகம் மறுவாரம் நினைவுக்கு வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

மைக்கேல் பிஸ்பிங் 2006இல் மூன்றாவது சீசனை வென்றார். அதே சீசனில் அவரோடு ஒரே அணியில் இருந்த, காது கேளாத மல்யுத்த வீரர் மாட் ஹாமில் காயத்தால் விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டு இலண்டனில் இருவரும் மோதியபோது பிஸ்பிங்குக்குக் கொடுத்த பிளவுபட்ட தீர்ப்பைப் பலர் இன்றும் ஏற்கவில்லை. நானும் அன்று ஹாமில்தான் வென்றார் என்று கருதுகிறேன். பிஸ்பிங் அதன் பிறகு ஒவ்வொரு முறையும் பட்டத்துக்கு அருகில் வந்து தோற்றார். 2013இல் வீட்டோர் பெல்ஃபோர்ட்டோடு நடந்த சண்டைக்குப் பிறகு வலது கண்ணின் விழித்திரை சிதைந்தது. 2016 ஜூன் 4 அன்று, மூன்று வாரத்துக்கும் குறைவான அவகாசத்தில் அழைப்பை ஏற்று வந்து, தன்னை முன்பு வென்றிருந்த லூக் ராக்கோல்டை முதல் சுற்றிலேயே சாய்த்து மிடில்வெயிட் சாம்பியன் ஆனார். சாம்பியன் எண்ணிக்கையில் அது ஓர் இலக்கம். பத்து ஆண்டுகளுக்கு முன் வாய்த்துடுக்கோடு அந்த வீட்டுக்குள் நுழைந்த ஆங்கிலேய இளைஞரைப் பார்த்தவர்கள் அந்த இரவில் அடைந்த மகிழ்ச்சியை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

எந்த சீசனிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கிரிஃபின்–போனர் சண்டையை மட்டும் தனியே தேடிப் பார்க்காதீர்கள். முதல் சீசனின் 12 பகுதிகளையும் வரிசையாகப் பாருங்கள். படத்தின் தரம் பழையதாக இருக்கும், தொடக்கத்தில் வரும் அணிப் போட்டிகள் சற்று இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு இறுதிப் போட்டிக்கு வாருங்கள். அடுத்து 17ஆவது சீசன், அதை முடித்த பிறகு 20ஆவது. வீரர்களின் பெயர்களை இணையத்தில் தேடாமல் பார்ப்பது நல்லது. தேடினால் யார் பின்னர் சாம்பியன் ஆனார் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ஐந்தாவது சீசனை முதலிடத்தில் வைப்பவர்கள் இந்த வரிசையை மறுப்பார்கள். நேட் டியாஸ், மேனார்ட், ஜோ லாசோன், மேனி கம்புரியன் என்று லைட்வெயிட் பிரிவின் இளமையெல்லாம் ஒரே வீட்டில் இருந்த சீசன் அது, பி. ஜே. பென்னும் ஜென்ஸ் பல்வரும் பயிற்சியாளர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு அதிலிருந்து தொடங்கினாலும் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை.